தருமபுரியில் தொழில் தொடங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில் தருமபுரி மாவட்ட வாசகர்களின் கேள்விகள். 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம் இது. 2004-இல் கிருஷ்ணகிரி தனியானபோது ஓசூரின் ஆலைகளும் அதோடு போய்விட்டன. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 15,06,843. ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிராமத்தில் இருப்பவர்கள். எழுத்தறிவு 68.5 சதவீதம், அன்று தமிழகத்திலேயே குறைவு. தக்காளி, சாமை, கேழ்வரகு, புளி, மரவள்ளி, பட்டுக்கூடு என விளைச்சலுக்குப் பஞ்சமில்லை. ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறும் உழைப்பாளிகளுக்கும் பஞ்சமில்லை. விளைச்சலும் ஆளும் வருஷத்தில் எத்தனை நாள் சேர்ந்து கிடைக்கும் என்று பார்க்காமல் இயந்திரம் வாங்குவதுதான் இங்கே பல யூனிட்டுகளைப் பூட்ட வைக்கிறது.

கேள்வி: விலை விழும்போது தக்காளியைச் சாலையோரம் கொட்டுகிறோம். பத்து விவசாயிகள் சேர்ந்து தக்காளி பேஸ்ட் ஆலை வைத்தால் என்ன? (பாலக்கோடு)

கொட்டுகிற தக்காளியைப் பார்த்தால் யாருக்கும் வரும் எண்ணம்தான். ஆனால் பேஸ்ட் என்பது தக்காளியிலிருந்து தண்ணீரை ஓட்டுகிற தொழில். செலவு முழுக்க அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

சந்தைக்காகப் பயிரிடும் ஒட்டுரகத் தக்காளியில் கரையும் திடப்பொருள் 4 முதல் 5 பிரிக்ஸ், அதாவது 100 கிலோ சாற்றில் 4 முதல் 5 கிலோ. பேஸ்டுக்குக் குறைந்தது 25 பிரிக்ஸ் வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் 28 கேட்பார்கள். 4.5 பிரிக்ஸ் சாறு 1,000 கிலோவை 28-க்குக் கொண்டுபோனால் கையில் நிற்பது 160 கிலோ. மீதி 840 கிலோ தண்ணீர் ஆவியாகிப் போக வேண்டும். சாதாரண நீராவிக் கெட்டிலில் ஒரு கிலோ தண்ணீரை ஓட்ட 1.1 கிலோ நீராவி பிடிக்கும். விறகு பாய்லரில் ஒரு கிலோ விறகுக்கு 3 கிலோ நீராவி என்று வைத்தால், 160 கிலோ பேஸ்டுக்கு 300 கிலோ விறகு. தோலும் விதையும் கழிவதையும் சேர்த்தால் ஒரு கிலோ பேஸ்டுக்கு ஆறரை முதல் ஏழு கிலோ தக்காளி போகும். தக்காளி கிலோ 5 ரூபாய் என்றால் மூலப்பொருள் செலவு மட்டும் கிலோ பேஸ்டுக்கு 35 ரூபாய் வரை. 15 ரூபாய்க்கு ஏறினால் நூறைத் தொட்டுவிடும். அன்று ஆலையை நிறுத்த வேண்டியதுதான். விலை விழுந்த நாட்களை மட்டும் நம்பினால் வருஷத்தில் எத்தனை நாள் ஓடும் என்று உங்கள் மார்க்கெட் சீட்டுகளை எடுத்துவைத்து நீங்களே எண்ணிப் பாருங்கள். வங்கிக்கு மாதத் தவணை பன்னிரண்டு மாதமும் உண்டு.

உங்கள் அளவுக்குப் பொருந்துவது பியூரி, அதாவது பேஸ்ட் அளவுக்குச் சுண்டாத தக்காளிக் கூழ். அதற்கு 9 பிரிக்ஸ் போதும். அதே 1,000 கிலோ சாறு 500 கிலோவாக நிற்கும். விறகு 180 கிலோ அளவில் முடிந்துவிடும். ஓட்டல், கேட்டரிங் சமையல்கூடங்களுக்கு 5 கிலோ பையாகவோ டின்னாகவோ கொடுக்கலாம். செய்முறையில் தவறக்கூடாத இடங்கள் மூன்று.

நசுக்கிய தக்காளியைத் தாமதமில்லாமல் 85 முதல் 90 டிகிரிக்குச் சூடேற்றுங்கள். தாமதித்தால் பழத்திலுள்ள நொதி பெக்டினைச் சிதைத்துவிடும். பியூரி இரண்டே நாளில் மேலே தண்ணீர், கீழே சதை என்று பிரியும். அடுத்தது அமிலம். அதைக் காட்டும் எண் பி.எச், எண் குறைந்தால் அமிலம் கூடுதல். நன்றாகக் கனிந்த பழத்தில் அது 4.5-ஐத் தாண்டுவதுண்டு. சிட்ரிக் அமிலம் சேர்த்து 4.3-க்குக் கீழே வைத்தால்தான் கொதிநீர் வெப்பம் போதும். 4.6-க்கு மேல் போய்விட்டால் நஞ்சு உண்டாக்கும் கிருமி வளர வழி இருக்கிறது. லிட்மஸ் தாளில் இதைப் பார்க்க முடியாது, பி.எச் மீட்டர் வாங்குங்கள், வாரம் ஒருமுறை சரிபாருங்கள். மூன்றாவது நிரப்பும் சூடு. 90 டிகிரிக்குக் குறையாமல் நிரப்பி, மூடி, மூன்று நிமிடம் தலைகீழாக வையுங்கள்.

இன்னொன்று: பல்பரும் (தோல், விதை நீக்கிச் சதையைக் கூழாக்கும் இயந்திரம்) கெட்டிலும் தக்காளிக்கு மட்டும் என்று இருக்க வேண்டாம். சல்லடையை மாற்றினால் மே முதல் ஜூலை வரை அதே பல்பரில் பெங்களூரா மாம்பழம் ஓட்டலாம், மற்ற மாதங்களில் கொய்யா. உங்கள் பத்துப் பேரில் இரண்டு மூன்று பேராவது 5.5 பிரிக்ஸ் தரும் பதப்படுத்தும் ரகத்தை ஒரு பகுதி நிலத்தில் வைத்தால், அதே எடைத் தக்காளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் பியூரி கிடைக்கும், விறகும் குறையும்.

கேள்வி: எங்கள் மகளிர் குழு சாமை அரிசி யூனிட் தொடங்க நினைக்கிறது. என்னென்ன இயந்திரம், எவ்வளவு சாமை வேண்டும்? போன வருஷம் பக்கத்து ஊரில் வைத்த யூனிட்டில் உமியும் நொய்யுமாக வந்து நின்றுவிட்டது. (அரூர், சித்தேரி மலையடிவாரம்)

இந்த மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சிறுதொழில் எங்களுக்குத் தோன்றவில்லை. சாமை மானாவாரிப் பயிர். அரைக்கத் தண்ணீரே வேண்டாம். முக்கியமாக, உமியோடு இருக்கும் சாமை ஒரு வருஷத்துக்கு மேல் கெடாமல் இருக்கும். அறுவடை ஒரே பருவத்தில் முடிந்தாலும் வேலையை வருஷம் முழுக்கப் பரப்பிக்கொள்ள முடியும்.

பக்கத்து ஊர் யூனிட் நின்றதற்குப் பெரும்பாலும் காரணம் உமி நீக்கும் இயந்திரமாக இருக்காது, அதற்கு முன்னால் இருக்க வேண்டியது இல்லாததுதான். வரிசை இப்படி இருக்கட்டும்: சலித்துத் தூசியும் பொக்கும் நீக்குவது, கல் நீக்கும் இயந்திரம், அளவு பிரிக்கும் சல்லடை, உமி நீக்கும் இயந்திரம், உமியை ஊதித் தள்ளும் காற்றறை, உமி போகாத மணிகளைத் திரும்ப எடுத்து இரண்டாம் முறை ஓட்டுவது. இதில் அளவு பிரிக்கும் சல்லடையைத்தான் செலவு மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். சாமை மணி இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. பெரியதும் சிறியதும் கலந்து போனால், சிறியதற்கு ஏற்ற வேகத்தில் பெரியது உடைந்து நொய்யாகும். பெரியதற்கு ஏற்ற வேகத்தில் சிறியது உமியோடு வெளியே வரும். இரண்டு மூன்று அளவாகப் பிரித்துத் தனித்தனியாக ஓட்டினால் இந்தத் தொல்லை பெரிதும் தீரும். மோட்டாருக்கு வேகம் மாற்றும் டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு அளவுக்கும் வேகத்தைத் திருத்தலாம்.

அடுத்த காரணம் ஈரப்பதம். 11, 12 சதவீதம் சரி. 14-இல் ஓட்டினால் உமி பிரியாமல் மசியும், சல்லடை அடைத்துக்கொள்ளும். களத்தில் அதிகம் காயவிட்டு 9-க்குக் கீழே போனால் அரிசி உடையும். பல்லில் கடித்துப் பார்க்கும் பழக்கம் கொள்முதலில் உதவும், ஆனால் ஓட்டுவதற்கு முன் ஈரப்பத மீட்டர் கட்டாயம்.

கல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலையில் மண் களத்திலோ தார் ரோட்டிலோ போட்டு அடித்த சாமையில் மணியின் அளவிலேயே கல் இருக்கும். அது சல்லடையில் போகாது. எடை வித்தியாசத்தில் பிரிக்கும் கல் நீக்கியில்தான் போகும். சரக்கின் பெயரைக் கெடுப்பது முதலில் கல்தான். இயந்திரத்தோடு நின்றுவிடாமல், சாமை கொடுக்கும் ஊர்களுக்குத் தார்ப்பாய் கொடுத்து அதில் அடிக்கச் சொல்லுங்கள்.

இனி அளவு. 100 கிலோ சாமைக்கு 60 முதல் 65 கிலோ அரிசி எதிர்பார்க்கலாம். மணிக்கு 100 கிலோ ஓட்டும் இயந்திரம், சுத்தம் செய்வதும் மின்தடையும் போக, நாளுக்கு 500 கிலோ என்று வையுங்கள். 250 நாளுக்கு 125 டன் சாமை. மானாவாரியில் ஏக்கருக்கு 400 கிலோ என்றால் 312 ஏக்கர் விளைச்சல் உங்களிடம் வர வேண்டும். அத்தனை ஏக்கர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று ஊர் ஊராக எழுதிப் பாருங்கள். இல்லையென்றால் மீதி நாட்களில் தினை, பனிவரகு ஓட்டுவது, விவசாயிகளுக்குக் கூலி அரவை செய்வது என்று இப்போதே திட்டத்தில் சேருங்கள். விதையிலும் கை வைக்கலாம். அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையம் தந்த ஏ.டி.எல்.1 போன்ற ரகத்தை எல்லோரும் ஒன்றாக வைத்தால் அரவைக்கும் நல்லது.

சாமை வாங்கப் பணத்தைக் கடைசியில் யோசிக்காதீர்கள். கிலோ 35 ரூபாய் என்று வைத்தால்கூட 125 டன்னுக்கு 43.75 லட்சம் ரூபாய், அதுவும் அறுவடை முடிந்த சில வாரங்களுக்குள். இயந்திரத்தின் விலையை இது சாப்பிட்டுவிடும். வங்கியில் இயந்திரக் கடனோடு நடைமுறை மூலதனத்தையும் ஒரே திட்ட அறிக்கையில் கேளுங்கள். விவசாயிகள் தங்கள் சாமையை ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் எடுத்துக்கொள்ள, நீங்கள் மாதாமாதம் தேவைக்கு எடுப்பது இன்னொரு வழி. பிரதமரின் குறு உணவு நிறுவனத் திட்டம் நடப்பில் இருக்கும் வரை, உணவுத் தொழில் செய்யும் சுயஉதவிக் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம் உண்டு. குழுவின் கூட்டமைப்பு வழியாகக் கேளுங்கள்.

அரைத்த அரிசியைக் குவித்துவைக்காதீர்கள். தீட்டாத சாமை அரிசியின் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. உமி போனதும் அது காற்றுபட்டுச் சிக்கு வாடை அடிக்கும். இரண்டு மூன்று மாதத்துக்குள் சமையலறைக்குப் போய்விட வேண்டும். ஆர்டர் வந்தபின் அரைப்பதுதான் முறை.

கேள்வி: தோட்டத்து இலவச மின்சாரத்தில் மாவு அரைக்கும் இயந்திரம் ஓட்டலாமா? (காரிமங்கலம்)

கூடாது. அது பாசனத்துக்கான இணைப்பு. விற்பனைக்கு அரைப்பது பிடிபட்டால் அபராதத்தோடு இணைப்பும் சிக்கலாகும். 12 கிலோவாட் வரையிலான குறுந்தொழிலுக்குத் தனிக் கட்டண வகை இருக்கிறது, உத்யம் பதிவோடு (மத்திய அரசின் குறு, சிறு தொழில் பதிவு) விண்ணப்பியுங்கள். உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஓசூரில் வேலை செய்கிறேன். ஊரில் யூனிட் போட்டால் ஆள் கிடைக்குமா? மானியம் எதில் அதிகம்? (பென்னாகரம்)

இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாகப் பதில். பி.எம்.இ.ஜி.பி. என்கிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரை முதலீடு காட்டலாம். கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு 25 சதவீத மானியம், பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 35 சதவீதம். சொந்தப் பணம் முறையே 10, 5 சதவீதம். படித்த புதிய தொழில்முனைவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் திட்டம் 5 கோடி ரூபாய் வரை போகும். 25 சதவீத மானியம், உச்சம் 75 லட்சம், வட்டியில் 3 சதவீதம் சலுகை. டிப்ளமோ அதற்குத் தகுதிதான். இரண்டுக்கும் மாவட்டத் தொழில் மையம். வங்கி ஒப்புதல் வருவதற்கு முன் இயந்திரத்துக்கு முழுப்பணம் கட்டிவிடாதீர்கள். பி.எம்.இ.ஜி.பி. மானியம் உங்கள் கைக்கு வராது. மூன்று வருஷம் வங்கியில் வைப்பாக இருந்து பிறகு கடனில் கழியும். முதல் மூன்று வருஷத் தவணையைத் தொழில்தான் கட்ட வேண்டும்.

முதல் கேள்விதான் முக்கியம். "ஆள் கிடைப்பதில்லை" என்று சொல்கிற யூனிட்டுகளில் உண்மையில் கிடைக்காதவர்கள் நான்கைந்து பேர்தான். இருபது பேர் வேலை செய்யும் ஒரு உணவு யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாய்லர் இருந்தால் சான்றிதழ் பெற்ற பாய்லர் இயக்குநர் வேண்டும். 25 லிட்டருக்கு மேல் கொள்ளளவுள்ள பாய்லருக்குச் சட்டப்படி பதிவும் வேண்டும். ஒரு ஃபிட்டர், ஒரு எலக்ட்ரீஷியன், சோதனைக்கூடத்துக்கு வேதியியலோ உணவு அறிவியலோ படித்த ஒருவர், சரக்குக் கணக்கு பார்க்க ஒருவர். இவர்களில் ஒருவர் வராவிட்டால் மற்ற பதினைந்து பேரும் சும்மா உட்கார வேண்டும். ஓசூர் தரும் சம்பளத்தை இந்த ஐந்து பேருக்கும் கொடுத்துவிடுங்கள். வீட்டுவாடகையும் மெஸ் செலவும் மிச்சமாவதைக் கணக்கிட்டு ஊர் திரும்ப விரும்புகிறவர்கள் உங்களைப் போல நிறையப் பேர். அரசு ஐ.டி.ஐ. மாணவர்களை அப்ரண்டிஸாக எடுங்கள். உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஈடுசெய்கிறது. தொழில் தொடங்கும் முன்பே எடுத்து, இயந்திரம் பொருத்தும் நாட்களில் கூடவே நிற்க வையுங்கள். பொருத்தும்போது பார்த்தவன்தான் பழுதானபோது பயமில்லாமல் திறப்பான்.

மற்ற பதினைந்து பேரும் அநேகமாகச் சுற்று வட்டாரப் பெண்களாக இருப்பார்கள். அவர்கள் நேரத்தைத் தீர்மானிப்பது ஆலைச் சங்கு அல்ல. காலையும் மாலையும் பால் கறந்து சங்கத்தில் ஊற்ற வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், டவுன் பஸ் வரும் நேரம் ஒன்று இருக்கிறது. காலை ஆறு மணி ஷிப்ட் வைத்துவிட்டு ஆள் இல்லை என்று வருந்துவதில் பொருளில்லை. ஒன்பதரைக்குத் தொடங்கி நாலரைக்கு முடிகிற வேலைக்கு அதே ஊரில் ஆள் வருவார்கள். சுத்தமான கழிப்பறை, குழந்தையை விட ஓர் அறை, சனிக்கிழமை தவறாத கூலி, இவை மூன்றும் இருந்தால் வேலையை விட்டுப் போகிறவர்கள் குறைவு. பத்துப் பேரைத் தொட்டால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), இருபதைத் தொட்டால் வருங்கால வைப்பு நிதி. இதைச் செலவு என்று ஒளிக்காமல், வேலைக்குச் சேர்க்கும்போதே சொல்லுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் கேட்டுப் பழகியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கேள்வி: மரவள்ளிக் கிழங்குக்கு ஆலையில் 28 பாயிண்ட் என்று எதிர்பார்த்தால் 25 போடுகிறார்கள். ஏமாற்றா? (பாப்பிரெட்டிப்பட்டி)

ஏமாற்றாகவும் இருக்கலாம், கிழங்கின் குறையாகவும் இருக்கலாம். பிரித்தறிய வழி உண்டு. பாயிண்ட் என்பது மாவுச்சத்தின் அளவு. கிழங்கைக் காற்றில் எடைபோட்டு, பிறகு தண்ணீரில் மூழ்கவைத்து எடைபோடுவார்கள். மாவு கூடினால் கிழங்கின் அடர்த்தி கூடும், தண்ணீருக்குள் எடையும் கூடும். மாதிரிக் கூடையில் துண்டுகளுக்கிடையே காற்றுக் குமிழி நின்றால் எடை குறைந்து காட்டும். மூழ்கியதும் கூடையைக் குலுக்கச் சொல்லுங்கள். வண்டியின் மேல்பகுதியில் மட்டும் எடுக்காமல் மூன்று நான்கு இடத்தில் மாதிரி எடுக்கவும் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் மறுத்தால் சந்தேகப்படலாம்.

உங்கள் பக்கத்தில் பார்க்க வேண்டியது: வறட்சிக்குப் பிறகு மழை பெய்து செடி புதுக்கொழுந்து விட்ட சமயத்தில் பிடுங்கினால் பாயிண்ட் குறையும். கொழுந்துக்குப் போகும் சத்து கிழங்கிலிருந்துதான் போகிறது. இலை முற்றியபின் பிடுங்குங்கள். ரகத்தின் வயது நிறைவதற்குள் விலைக்காக அவசரப்பட்டாலும் இதே கதிதான். பிடுங்கிய 24 மணி நேரத்துக்குள் ஆலை சேருங்கள். 48 மணியைத் தாண்டினால் வெட்டுமுகத்தில் நீலக்கோடு ஓடும், மாவு நிறம் மங்கும். டன்னுக்கு ஒரு பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்தால் 10 டன் வண்டியில் 3 பாயிண்ட் என்பது 9,000 ரூபாய். வண்டி உறுதியானபின் கிழங்கில் கை வைப்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

கேள்வி: புளி கொட்டை எடுத்து விற்கிறோம். ஆறு மாதத்தில் கறுத்துவிடுகிறது. கொட்டைக்கு நல்ல விலை உண்டா? (நல்லம்பள்ளி)

ஓட்டோடு 100 கிலோ புளியில் சதை 55, கொட்டை 34, ஓடும் நாரும் 11 கிலோ என்பது பொதுவான கணக்கு. மூன்றில் ஒரு பங்கு கொட்டை என்பதால் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. வறுத்து மேல்தோல் நீக்கி அரைத்த பருப்பு மாவு துணி அச்சுக்கும் நூலுக்குக் கஞ்சி போடவும் போகிறது. சதை ஒட்டிய கொட்டையில் வண்டு துளைத்துவிடும். அலசி, நன்றாகக் காயவைத்து, தனியாக மூட்டை கட்டினால் விலை பேச இடம் கிடைக்கும்.

கறுப்பதற்குச் சூடும் ஈரமும் இரும்பும் காரணம். புளியின் அமிலம் இரும்பைத் தொட்டதும் கறுக்கும். இரும்புச் சுத்தியால் ஓட்டை உடைப்பதோடு நிறுத்துங்கள், சதையைத் தொடும் கத்தியும் பாத்திரமும் எவர்சில்வராக இருக்கட்டும். கோடை மழையில் நனைந்த புளியைத் தனியாக வையுங்கள், நல்ல சரக்கோடு கலந்தால் எல்லாமே பூசணம் பிடிக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை எடுத்ததை மே மாத வெயிலில் தகரக் கொட்டகையில் அடுக்குவதுதான் பெரிய சேதம். காற்றுப் புகாத பாலிதீன் உறையில் கட்டிக் குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் நிறம் நிற்கும். பூப்புளிக்கு மட்டும் அந்த வாடகையைக் கொடுங்கள், இரண்டாம் தரத்தை உடனே விற்றுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கிணற்றில் ஃபுளோரைடு அதிகம். உணவுத் தொழிலுக்கு ஆகுமா? (பென்னாகரம்)

குடிநீருக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம், மாற்று இல்லாதபோது 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. பொருளில் சேரும் தண்ணீரும் கடைசியாக அலசும் தண்ணீரும் அந்த அளவுக்குள் இருக்க வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் ஊருக்கு வருகிறது என்பதற்காகத் தொழிலுக்கு அதை நம்பாதீர்கள், அது மக்கள் குடிப்பதற்காகக் கொண்டுவந்தது. கிணற்று நீரை ஆர்.ஓ.வில் சுத்திகரித்தால் ஃபுளோரைடு போகும், ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிவுநீராக வெளியேறும். அதில் ஃபுளோரைடும் உப்பும் செறிந்திருப்பதால் வயலில் விடக் கூடாது. தளம் பூசிய தொட்டியில் ஆவியாக விடுங்கள். பாய்லருக்குக் கடினத்தன்மை நீக்கும் கருவி தனியாக வேண்டும், இல்லாவிட்டால் குழாயில் காரை படிந்து விறகு கூடும். இத்தனைக்கும் செலவு கட்டுப்படியாகாவிட்டால் தண்ணீர் தேவைப்படாத தொழிலாகத் தேர்ந்தெடுங்கள்: சிறுதானிய அரவை, கேழ்வரகு மாவு, புளி தரம்பிரிப்பு. முதலில் கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். இரண்டு பருவத்திலும் அளவு மாறும், கோடையின் எண்ணுக்கு ஏற்ப ஆர்.ஓ. வாங்குங்கள்.